ஆங்கிலப் பாடத்தை வெள்ளவத்தையில் இருந்து தொடங்குங்கள்

வெள்ளவத்தை போன்ற கொழும்புப் பகுதிகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறீர்கள், அடுத்த தவணைக்குப் பாடங்களைப் புதிதாக எழுதப் போகிறீர்கள் என்றால், பாடப்புத்தகத்துப் பீட்டரைக் குமாராகவும் கேக்கை வடையாகவும் மாற்றுவதோடு நிறுத்திவிடாதீர்கள். பிள்ளை ஏற்கெனவே மொழியை வைத்து என்னவெல்லாம் செய்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

அதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். வீட்டில் யார் எந்த மொழி பேசுகிறார்கள், பஸ் கண்டக்டரிடம் எந்த மொழியில் ரிக்கெற் கேட்கிறாய், வங்கியில் இருந்து வரும் கடிதத்தை யார் வாசித்துச் சொல்வது என்று கேட்டுக் கொப்பியில் குறித்து வையுங்கள். என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், பாமசியில் அம்மம்மாவுக்காகத் தமிழ், சிங்களம், கொஞ்சம் ஆங்கிலம் எல்லாம் பேசி மருந்து வாங்கி வருகிறவன் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அடுத்த வாரப் பாடத்தை அவனுடைய பாமசி உரையாடலில் இருந்தே தொடங்கினேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா? ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ இரண்டும் அன்றைக்கே வகுப்புக்குப் பிடிபட்டுவிட்டன.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, தன் மாணவர்கள் அமெரிக்கப் பாடப்புத்தகத்தின் ஓரங்களில் கிறுக்கி வைத்தவற்றை எடுத்து ஆராய்ந்தவர். அச்சில் இருந்தது வேறு யாருடையதோ வாழ்க்கை, ஓரத்தில் அவர்களுடைய அரசியலும் காதலும் சினிமாவும். உங்கள் பிள்ளைகளின் புத்தக ஓரங்களையும் ஒருதரம் புரட்டிப் பாருங்கள், அடுத்த பாடத்துக்கான பொருள் அங்கேயே கிடக்கலாம்.

தமிழில் இருப்பதும் ஆங்கிலத்தில் இல்லாததும் நல்ல பாடமாகும். மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோருமே ஆங்கிலத்தில் ‘அங்கிள்’தானே. யார் அந்த அங்கிள் என்று கேளுங்கள், ‘மை மதர்ஸ் பிரதர்’, ‘மை ஃபாதர்ஸ் யங்கர் பிரதர்’ என்று பிள்ளை சொல்லியே ஆக வேண்டும். உடைமை காட்டும் அந்த ‘ஸ்’ஸுக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை.

இடப்பெயர்கள் இன்னொரு சுரங்கம். நாம் புறக்கோட்டை என்கிறோம், சிங்களத்திலும் கோட்டைக்கு வெளியே என்ற அதே பொருள்தான், ஆங்கிலப் பெயரான பெட்டாவோ நம்முடைய ‘பேட்டை’யில் இருந்து போனது. நாம் கொம்பனித்தெரு என்று சொல்லும் இடத்துக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் இருந்த பெயர் ‘ஸ்லேவ் ஐலண்ட்’, ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை வைத்திருந்த இடம். தரம் 9, 10 பிள்ளைகளிடம் இந்தப் பெயர்களைக் கொடுத்து ஆங்கிலத்தில் ‘வை’ (ஏன்) என்று தொடங்கும் கேள்விகளை எழுதச் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் ஒதுங்கி நின்று கேட்டாலே போதும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ‘நம் பண்பாடு’ என்று ஒன்றை மட்டும் பாடத்தில் வைத்துவிடாதீர்கள். ஒரே வகுப்பில் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை, மலையகத்தில் இருந்து வந்த பிள்ளை, வீட்டில் தமிழ் பேசும் முஸ்லிம் பிள்ளை, கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பிள்ளை எல்லோரும் இருப்பார்கள். பொங்கலும் கொழும்பின் ஆடிவேல் திருவிழாவும் மட்டும் வந்தால் பாதி வகுப்பு மறுபடி வெளியேதான் நிற்கும். அதனால் பண்டிகையைவிட அன்றாட வேலைகளை எடுங்கள்: சந்தை, பஸ், மருந்து, வாடகை.

பெற்றோர் பரீட்சைப் புள்ளிகளைப் பற்றிக் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளை நன்றாக முன்னேற்றிய ஆசிரியர்களைக் கவனித்து 1995இல், பிள்ளையின் பண்பாட்டில் இருந்தே கற்பிக்கும் இந்த வழியைப் பற்றி எழுதிய குளோரியா லாட்சன்-பில்லிங்ஸும், பிள்ளை படிப்பில் முன்னேறுவதை அதன் முதல் நிபந்தனைகளில் ஒன்றாக வைத்தார். அதனால் ஆசிரியர் வழிகாட்டியில் உள்ள தேர்ச்சி மட்டத்தைத் தொடாதீர்கள், பொருளை மட்டும் மாற்றுங்கள். சாதாரண தரப் பரீட்சையில் கடிதம் எழுதச் சொன்னால், அந்தக் கடிதத்தை முதலில் பிள்ளையின் தொடர்மாடி வீட்டுத் தண்ணீர்ப் பிரச்சினைக்கு எழுதிப் பழகட்டும், பிறகு பழைய வினாத்தாளை அதே அமைப்பில் செய்யட்டும்.

சரி, தவணை முடிவில் எந்தப் பாடத்தில் பிள்ளைகள் கேட்காமலே பேசினார்கள் என்று மட்டும் உங்கள் பாடக்குறிப்பில் குறியுங்கள். பேச்சு வராத பாடத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள்.