ஒரு மூட்டை மிக்சர் மெஷின்: பெட்டி அளவு முதல் சாயந்திரக் கழுவல் வரை

வட சென்னையில் வியாசர்பாடி, காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் ரெடிமிக்ஸ் லாரி திரும்பாது. அந்தப் பக்கம் வேலையை முடித்துக் கொடுப்பது ஹாப்பர் (சரக்கைத் தூக்கி டிரம்மில் கொட்டும் தொட்டி) வைத்த 10/7 டீசல் காங்கிரீட் மிக்சர்தான். 10 என்பது உள்ளே போகும் உலர்ந்த சரக்கு, 7 என்பது கலந்து வெளியே வருவது, இரண்டும் கன அடியில். லிட்டரில் சொன்னால் 280, 200. முதல் தடவை வாடகைக்கு எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்ட்ரிங்கும் கம்பி கட்டுவதும் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக மெஷினுக்கு வந்துவிடலாம்.

நிறுத்துவது

மெஷினின் இரும்புச் சட்டத்தின் மேல் ரசமட்டம் வைத்து, நீளவாக்கிலும் குறுக்கிலும் பாருங்கள். மெஷின் ஒரு பக்கம் சாய்ந்தால் டிரம்மைச் சுற்றும் பல்சக்கரமும் அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும் ஒரு ஓரமாகவே தேயும். எடை டயர் மேல் நிற்கக்கூடாது, ஜாக்கிக் கால்கள்தான் தாங்க வேண்டும். திருவொற்றியூர், எர்ணாவூர் போன்ற மணல் தரையில் ஒவ்வொரு காலுக்கு அடியிலும் கனமான பலகைத் துண்டு அவசியம். பத்துக் கலவை ஓடியதும் மட்டத்தை மறுபடி பாருங்கள், அதிர்வில் ஒரு கால் இறங்கியிருக்கும்.

ஸ்டார்ட் செய்வது

இன்ஜின் ஆயில் குச்சியில் மேல் கோட்டருகே நிற்க வேண்டும். இன்ஜினின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலைச் சுற்றி, வேகம் பிடித்ததும் லீவரை விடுங்கள். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற நான்கு விரல்களும் ஒரே பக்கம் இருக்கட்டும். கட்டைவிரலால் சுற்றி இறுக்கிப் பிடித்தால், இன்ஜின் திருப்பி உதைக்கும்போது மணிக்கட்டு போய்விடும். பெல்ட்டுக்குக் கவசம் இல்லாத மெஷினை வாடகைக்கே எடுக்காதீர்கள். சித்தாளின் முந்தானையோ கழுத்துத் துண்டோ சிக்க ஒரு நொடி போதும்.

அளப்பது: பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம்

சட்டிக் கணக்கு வேண்டாம். உள்ளளவு 40 செ.மீ நீளம், 35 அகலம், 25 உயரத்தில் ஒரு பெட்டி அடித்துக்கொள்ளுங்கள். அது 35 லிட்டர், அதாவது ஒரு மூட்டை சிமெண்டின் கொள்ளளவு. எம் 20 என்ற வலு வகைக் கலவைக்கு, அதாவது சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3-க்கு, ஒரு மூட்டை சிமெண்ட், ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி முக்கால் (20 மி.மீ) ஜல்லி. சிமெண்டைப் பெட்டியில் அளக்காதீர்கள், முழு மூட்டையாகக் கொட்டுங்கள். மொத்தம் ஏறக்குறைய 190 லிட்டர். டிரம்மில் இடம் இருக்கிறதே என்று இரண்டு மூட்டைக்குப் போனால் 385 லிட்டர் ஆகிறது, வாய் வழியே பால் வழிந்து சிமெண்ட்தான் முதலில் போகும்.

இதுவரை எல்லாரும் சரியாகச் செய்துவிடுவார்கள். ஏமாற்றுவது ஈர மணல். லேசாக நனைந்த மணல் உப்பி நிற்கும், எம்-சாண்டும் அப்படித்தான். பெட்டி நிறைந்திருக்கும், உள்ளே மணல் குறைவாக இருக்கும். கலவையில் ஜல்லி தனியாகத் துருத்தும், மேஸ்திரி "தண்ணி விடு" என்பார், தண்ணீர் விட்டால் வலு இறங்கும். சென்ட்ரிங் பிரித்ததும் பீமின் அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டைகள் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் போதும். நேரான சுவருள்ள கண்ணாடி ஜாடியில் 20 செ.மீ உயரத்துக்கு மணலைத் தளர்வாகப் போடுங்கள். அதை வெளியே கொட்டி, ஜாடியில் பாதி தண்ணீர் நிரப்பி, அதே மணலை உள்ளே போட்டுக் கம்பியால் கிளறுங்கள். படிந்த பிறகு உயரத்தை அளந்தால் 16 செ.மீ என்று வைத்துக்கொள்வோம். இழப்பு 4, அதை 16-ஆல் வகுத்தால் 25 சதவீதம் உப்பல். ஒன்றரைப் பெட்டிக்குப் பதில் ஒன்றே முக்கால் பெட்டியும் இன்னொரு அரைக்கால் பெட்டியும் போட வேண்டும். லோடு மாறினாலும் மழை பெய்தாலும் மறுபடி பாருங்கள். முழுக்கத் தண்ணீரில் மூழ்கிய மணல் உப்பாது, பாதி ஈரத்தில்தான் இந்த ஏமாற்று.

அந்த ஈரம் தண்ணீர்க் கணக்கிலும் வரும். காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, எம் 20-க்கு மூட்டைக்கு 30 லிட்டர் என்று உச்ச அளவு வைக்கிறது. 80 கிலோ மணலில் 5 சதவீத ஈரம் என்றால் அதிலேயே 4 லிட்டர் வந்துவிட்டது, நீங்கள் ஊற்ற வேண்டியது 26. அளவுக் கோடு போட்ட பக்கெட்டில் ஊற்றுங்கள், ஹோஸ் பைப்பை டிரம் பக்கமே கொண்டுவர விடாதீர்கள். மீஞ்சூர், எண்ணூர்ப் பக்கம் போர் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கிறது. கம்பி போட்ட காங்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, அதனால் குடிநீர் லாரித் தண்ணீரே நல்லது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெட்டிக் கணக்கு எம் 20 வரைக்கும்தான். கடற்காற்று நேராக அடிக்கும் இடத்துக் கம்பிக் காங்கிரீட்டுக்கு அதே ஐ.எஸ். 456 குறைந்தது எம் 30 கேட்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரம் கட்டுபவர்கள் இன்ஜினியரிடம் கிலோ கணக்கில் கலவை எழுதி வாங்கி, தராசு வைத்துப் போடுங்கள். மேலே சொன்ன பெட்டி அளவு சோழவரம் தாண்டி உள்ளே, கிராமத்துப் பக்கம் கட்டுபவர்களுக்கு. மணலின் ஈரத்தைத் தண்ணீரில் கழிக்கும் கணக்கு மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

கலப்பது

முதலில் கொஞ்சம் தண்ணீர், பிறகு பாதி ஜல்லி, மணல், சிமெண்ட், மீதி ஜல்லி, கடைசியாக மீதித் தண்ணீர். சிமெண்டை முதலில் போட்டால் பிளேடுக்குப் பின்னால் அப்பி உருண்டையாகிவிடும். எல்லாம் உள்ளே போன பிறகு முழுசாக 2 நிமிஷம், கைக்கடிகாரத்தைப் பார்த்தே ஓட்டுங்கள். அன்றைய முதல் கலவைக்கு மட்டும் 10 சதவீதம் சிமெண்ட் கூடுதல், டிரம்மின் சுவர் அவ்வளவை எடுத்துக்கொள்ளும். தூக்கிய ஹாப்பருக்கு அடியில் சங்கிலிக் கொக்கி மாட்டாமல் யாரும் குனியக்கூடாது. அதன் கம்பிக் கயிற்றில் இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

சாப்பாட்டுக்கு முன்னால் கழுவுவது

மெஷினைக் கெடுப்பது மதிய இடைவேளைதான். அரை மணிக்கு மேல் நிற்கப் போகிறதென்றால் இரண்டு பெட்டி ஜல்லியும் 20 லிட்டர் தண்ணீரும் போட்டு 5 நிமிஷம் சுற்றுங்கள். அந்த ஜல்லியை வெளியே எடுத்து வைத்தால் அடுத்த கலவைக்கு ஆகும். அதில் ஊறிய தண்ணீரைக் கணக்கில் கழிக்க மறக்காதீர்கள். காய்ந்து பிடித்ததைச் சுத்தியலால் வெளியிலிருந்து தட்டுவது பெரிய தப்பு. தகடு குழிந்தால், நாளைக்கு அந்தக் குழியிலேதான் முதலில் பிடிக்கும். நீளக் கைப்பிடி வைத்த சுரண்டிதான் சரி.

பராமரிப்பு

பேரிங் நிப்பிள்களுக்கு கிரீஸ் கன் வைத்து அடியுங்கள், பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை. ஆனால் டிரம்மைச் சுற்றிய திறந்த பல்சக்கரத்தில் கிரீஸ் பூசாதீர்கள், கம்பெனிப் புத்தகம் பூசச் சொல்லியிருந்தால் தவிர. சிமெண்ட் தூசியும் கிரீஸும் சேர்ந்தால் அரைக்கிற பசையாகி, பல்லையே தின்றுவிடும். கம்பி பிரஷ் போட்டுக் காய்ந்த நிலையில் வைத்திருந்தால் போதும். வி-பெல்ட் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று, ஒன்றரை செ.மீ இறங்க வேண்டும். ஏர் கிளீனரைத் தினமும் திறந்து பாருங்கள், இன்ஜின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான்.

மின்சார மோட்டார் வைத்த மிக்சர் என்றால் வயரைப் பாருங்கள். சந்துக்குள் நீளமாக இழுத்த மெல்லிய வயரில் வோல்ட்டேஜ் விழுந்து, மோட்டார் முனகிச் சூடாகும். தடித்த வயரும், கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்சும் இருந்தால் மட்டும் ஓட்டுங்கள்.

சாயந்திரம் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, பழைய இன்ஜின் ஆயிலைத் துணியில் தொட்டு ஒரு பூச்சு. டிரம்முக்குள் ஆயில் வேண்டாம், அது காங்கிரீட்டில் போய்ச் சேரும். டிரம் வாயைக் கீழே பார்க்கத் திருப்பிப் பூட்டி, தார்ப்பாய் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பனியிலும் மழையிலும் உள்ளே தேங்குகிற தண்ணீர் மறுநாள் முதல் கலவையின் கணக்கைக் கெடுக்கும்.