ரசம் வைக்கும் ஈயச் சொம்பில் காரீயம் இருக்கிறதா, பார்ப்பது எப்படி?

ஈயம் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயம், அதனால் கெடுதல் இல்லை. காரீயம்தான் விஷம். அது விலை மலிவு என்பதால் கலந்துவிடுகிறார்கள், புளித்தண்ணீர் கொதிக்கும்போது ரசத்தில் இறங்கிவிடும்.

முதலில் சொம்பை கிராம் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அதே தராசில் சொம்பு முங்கினாலும் வழியாத அளவுக்கு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, சொம்பை நூலில் கட்டி, உள்ளே காற்று நிற்காமல், அடியிலும் பக்கத்திலும் தொடாமல் முழுசாக முக்கிப் பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் 7.3 பக்கம் வர வேண்டும், அதுதான் வெள்ளீயத்தின் அடர்த்தி. காரீயத்துக்கு 11.3, அதனால் விடை 8-ஐத் தொட்டாலே அந்தச் சொம்பு அடுப்புக்கு வேண்டாம். சரியாக வந்தாலும் நிம்மதியாகிவிடாதீர்கள், கொஞ்சமாகக் கலந்தது இந்தக் கணக்கில் தெரியாது. எனக்குக் கேட்டால், எங்கே வார்த்தது என்று தெரியாத சொம்பை விட்டுவிட்டு எவர்சில்வரில் ரசம் வையுங்கள் என்பேன்.

மஞ்சளையும் பாருங்கள். பங்களாதேஷில் பளிச்சென்று தெரிய லெட் குரோமேட் என்ற காரீயம் உள்ள மஞ்சள் சாயத்தைப் பூசினார்கள். 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது, அரசு கெடுபிடி செய்ததும் 2021-ல் அது பூஜ்யமானது. மங்கலான விரலி மஞ்சளாக வாங்கி, கழுவிக் காயவைத்து அரைத்துக்கொள்ளுங்கள்.

காரீயத்துக்குப் பயந்தால் உணவில் கால்சியமும் சேர வேண்டும் என்பார்கள். சரி, கால்சியம் எதற்கு? குடலில் கால்சியம் போகிற வழியிலேயே காரீயமும் போகிறது. உணவில் கால்சியம் குறைந்தால் காரீயம் கூடுதலாக உள்ளே ஏறும், ஏறியதில் பெரும்பகுதி எலும்பில் போய்ப் பல வருடம் தங்கிவிடும், கர்ப்பத்தில் எலும்பு கரையும்போது ரத்தத்துக்கு வந்து பிள்ளைக்கும் போகும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350, கால் லிட்டர் பாலிலோ தயிரிலோ 300, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி என்று சேர்த்தால் மாத்திரை இல்லாமலே கிட்டத்தட்ட வந்துவிடும். வெறும் வயிற்றில் காரீயம் பல மடங்கு உறிஞ்சப்படும், அதனால் காட்டு வேலைக்குப் போகும் முன் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழாவது குடித்துவிட்டுப் போங்கள்.

ஆனால் கால்சியம் மருந்து இல்லை, சொம்பை மாற்றாமல் கூழ் மட்டும் குடித்தால் பலன் கிடைக்காது. கலப்படச் சொம்பில் பல வருடம் சமைத்திருந்தால், முக்கியமாக வீட்டில் கர்ப்பிணியோ குழந்தையோ இருந்தால், டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் காரீய அளவு பாருங்கள். டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லி ரத்தத்துக்கு, 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடியே ஆக வேண்டும்.