சூரிச்சில் ஒரு நாள்: பர்ஸ் தாங்க வேண்டுமா?

குடும்பத்தோடு சூரிச் போகிறவர்கள் காலி தண்ணீர் பாட்டிலை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். நகரில் 1,200க்கும் மேற்பட்ட தெருநீரூற்றுகள் உண்டு. கல்தொட்டியில் விழும் அந்தத் தண்ணீரை அப்படியே பிடித்துக் குடிக்கலாம். 'கைன் டிரிங்க்வாசர்' (குடிநீர் அல்ல) என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்க வேண்டாம். ஹோட்டலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டால் அதற்கும் பில் வரலாம்!

ஊர் சுற்ற நகர மண்டலத்துக்கான 24 மணி நேர டிக்கெட் போதும். டிராம், பஸ் மட்டுமல்ல, கோடையில் லிம்மாட் ஆற்றுப் படகிலும் அதே டிக்கெட்தான். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம். லிண்டன்ஹோஃப் மேட்டிலிருந்து பழைய நகரத்தைப் பார்க்கக் காசே கிடையாது.

ஷாப்பிங்? பான்ஹோஃப்ஸ்ட்ராஸ தெருவில் கண்ணாடிக்கு வெளியே நின்று ரசிப்பதோடு சரி. சாக்லேட்டை மிக்ரோஸ், கோப் மாதிரி சூப்பர் மார்க்கெட்டில் வாங்குங்கள். கடை மூடும் நேரத்தில் சாண்ட்விச், சாலட் மேல் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆச்சு. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அன்று மத்திய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளுக்குப் போங்கள்.