பூமியைத் தோண்டும்போது சறுக்கும் இடங்கள்

சொல்லின் வேரைத் தேடப் புறப்படுகிறவர்களில் பாதிப் பேர் பூமியைக் குறிக்கும் சொற்களில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான். இருபது வருடம் முன்பு நான் விழுந்த குழியில் போன வாரம் ஒரு தம்பி விழுந்துகொண்டிருந்தார். அதனால் இது. அகராதியைப் பாருங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை.

ஒலி ஒத்தால் உறவு என்பது

ஆங்கிலத்தில் 'எர்த்', அரபியில் 'அர்ளு', எபிரேயத்தில் 'எரெட்ஸ்'. மூன்றுக்கும் ஒரே வேர் என்று ஒரு சிற்றிதழில் இரண்டு பக்கம் எழுதினேன். இதழ் வந்ததும் அரபி சொல்லிக்கொடுக்கும் பெரியவர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை: "தம்பி, கடைசி எழுத்தை என்ன செய்தீர்கள்?" அவ்வளவுதான்.

அவர் கேட்டது 'ளாத்' என்ற எழுத்தை. நம்மூர் முஸ்லிம்கள் ரமளான் என்று எழுதுகிறார்களே, அந்த ள-வுக்குப் பின்னால் இருப்பது அதுதான். அரபியில் ளாத் வரும் இடத்தில் எபிரேயத்தில் 'ட்ஸ்' வரும். முட்டையைப் பாருங்கள்: அங்கே 'பைளா', இங்கே 'பேட்ஸா'. ஆங்கிலத்து 'எர்த்' போகும் வழி வேறு. அதன் 'த்' ஜெர்மனில் 'ட' ஆகி 'எர்டெ' என்று நிற்கிறது. 'பிரதர்' அங்கே 'ப்ரூடர்' ஆவதுபோல. அரபியும் எபிரேயமும் ஒரு மொழிக்குடும்பம், ஆங்கிலமும் ஜெர்மனும் வேறு; ஒலி மாறுவதில் இரண்டு குடும்பத்துக்கும் தனித்தனிச் சட்டம். இடையில் நான் போட்டது கற்பனைப் பாலம்.

திருத்தச் சீட்டு அச்சடித்து 500 பிரதிகளிலும் கையால் செருகினேன். என் காசு. இன்றைக்கும் அதே 'கண்டுபிடிப்பு' வாட்ஸ்அப்பில் வரும்போது எரிச்சல் தாங்கவில்லை.

ஒலிக்காத உறவைத் தவறவிடுவது

லத்தீன் 'டெர்ரா'வுக்கு அடிப்படை 'காய்ந்தது'. கடலுக்கு எதிரான உலர்நிலம். ஆங்கிலத்தில் தாகத்தைக் குறிக்கும் 'தர்ஸ்ட்', வடமொழி 'திருஷ்ணா' இரண்டும் அதே வேர். காதை மட்டும் நம்பினால் இது சிக்குமா? நிலத்தைக் குறிக்கும் ரஷ்ய 'ஜெம்ல்யா'வும் பாரசீக 'ஜமீன்'உம் பங்காளிகள். ஜமீன்தார் என்று நாம் சொல்வதும் அங்கிருந்து வந்ததுதான்.

வேரில் விஞ்ஞானம் தேடுவது

ஞால் என்றால் தொங்கு. ஆகவே ஞாலம் என்ற சொல்லே பூமி அந்தரத்தில் தொங்குவது நம் முன்னோருக்குத் தெரியும் என்பதற்குச் சான்று என்கிறார்கள். சரி, பூமிக்கான வடமொழிச் சொல் 'பிருதிவி'க்கு 'அகன்றது' என்று பொருள். அதை வைத்துப் பூமி தட்டை என்று எழுதுவீர்களா?

பூவிலிருந்து பூமி

மலரைக் குறிக்கும் தமிழ்ப் பூவிலிருந்து பூமி வந்தது என்று சொல்ல வேண்டாம். அதன் வேரான வடமொழி 'பூ' என்பது 'ஆதல், இருத்தல்'.

இரவலை உறவாக எண்ணுவது

மலாயிலும் 'பூமி' உண்டு. வடமொழியிடம் வாங்கியது.