விரிசலுக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது? கான்கிரீட் பீம் முறிவுச் சோதனை, முதல்முறை செய்பவர்களுக்கு

குளச்சல் கடப்புறத்து வீடுகளில் மட்டுப்பாவின் (கான்கிரீட் கூரையின்) அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைப் பிளந்திருக்கும். அந்த விரிசல் அங்கேயே நிற்குமா, மேலும் ஓடுமா? வழக்கம்போல் கான்கிரீட் கியூபை (கனசதுரக் கட்டியை) நசுக்கிப் பார்ப்பதால் இது தெரியாது. முறிவு ஆற்றல், அதாவது ஒரு சதுர மீட்டர் விரிசல் திறக்கச் செலவாகும் ஆற்றல், தெரிய வேண்டும். நாகர்கோவில் பக்கம் முனைவர் பட்ட ஆய்வில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்காக, 1985-இல் ரிலெம் (RILEM) என்ற பன்னாட்டுக் கட்டுமானப் பொருள் ஆய்வு அமைப்பு பரிந்துரைத்த முறையை எழுதுகிறேன்.

1. பீம் வார்ப்பது
16 மி.மீ.க்கு மேல் போகாத சல்லி, 100 × 100 × 840 மி.மீ. அச்சு, 28 நாள் தண்ணீரில் க்யூரிங்.

2. வெட்டு போடுவது
நடுவில் 50 மி.மீ. ஆழத்துக்கு வைர பிளேடால், ஈரத்தோடு அறுக்க வேண்டும். வார்க்கும்போதே தகடு செருகிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், தகட்டின் நுனியில் சல்லி வராமல் வெறும் சாந்து தேங்கிவிடும். வார்த்தபோது மேலே இருந்த முகத்தை விட்டு, பக்கவாட்டு முகத்தில் அறுங்கள். பீம் 20 கிலோ இருக்கும். வெட்டு வானத்தைப் பார்க்கும்படி பிடித்து, இரண்டு பேராக இரு முனையிலும் தூக்குங்கள். வெட்டு கீழே இருந்தால் சொந்த எடையே விரிசலைத் தொடங்கிவைத்துவிடும்.

3. மெஷினில் ஏற்றுவது
வெட்டு இப்போது கீழ்ப்பக்கம். தாங்கிகளுக்கு நடுவே 800 மி.மீ. சாதாரணக் கலவை என்றால் உச்ச பாரம் ஒரு கிலோநியூட்டனை எட்டுவதே அபூர்வம். ஏறக்குறைய ஓர் ஆள் எடைதான். அதனால் சிறிய லோட் செல் (பாரத்தை அளக்கும் கருவி) அவசியம்.

என் முதல் மூன்று பீம்களையும் இங்கேதான் இழந்தேன். பாரத்தைச் சீராக ஏற்றும்படி மெஷினை வைத்திருந்தேன். 'டப்' என்று ஒரே சத்தம். வரைபடத்தில் பாரக் கோடு மேலே ஏறி, அங்கேயே அறுந்துவிட்டது. எனக்கு வேண்டியிருந்ததோ உச்சத்துக்குப் பிறகு பாரம் குறைந்துவரும் பகுதி. பாரத்தை அல்ல, இறக்கத்தின் (பீமின் நடுப்பகுதி கீழே வளையும் அளவின்) வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். உச்சம் 30 முதல் 60 விநாடிக்குள் வரட்டும். பீம் முழுதாகப் பிரியும்வரை கை வைக்காதீர்கள்.

4. கணக்கு
பாரம்-இறக்கம் கோட்டின் கீழுள்ள பரப்பை எடுங்கள். அதோடு பீமின் எடையைக் கடைசி இறக்கத்தால் பெருக்கிக் கூட்டி, வெட்டப்படாமல் உடைந்த பரப்பால் வகுங்கள். பலரும் எடையை விட்டுவிடுகிறார்கள். தாங்கிகளுக்கு இடையே 19.2 கிலோ, இறக்கம் 1 மி.மீ. என்றால் அதுவே சதுர மீட்டருக்குச் சுமார் 38 ஜூல். சாதாரண கான்கிரீட்டின் மொத்தமே 100-ஐ ஒட்டித்தான் வரும் என்பதால், இதை விட்டால் விடையே தப்பு.

5. தும்பு கலந்த பீம்
நம் மாவட்டத்தில் தேங்காய்த் தும்புக்குப் பஞ்சமில்லை. பலருக்கும் அதைக் கலந்து பார்க்க ஆசை வரும். அந்த பீம் சட்டென்று இரண்டாகாது. விரிசலுக்குள் பழுப்பு இழைகள் இழுபட்டு நிற்கும், பாரமும் பூஜ்யத்துக்கு வராது. எந்த இறக்கத்தில் சோதனையை நிறுத்துவது என்று முதல் பீமை ஏற்றும் முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள். தும்பு பீம்கள் எல்லாவற்றுக்கும் அதே அளவுதான்.