பாம்பு என்ன தின்னும்? இரை விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் புற்றடியில் கூட்டம் சேர்ந்துவிடும். மஞ்சளும் குங்குமமும் அப்பிய புற்று, அதன் வாயில் சொம்பு சொம்பாகப் பால், பக்கத்தில் முட்டை. பக்தியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. என் பாட்டியும் அப்படித்தான் ஊற்றினார். ஆனால் பால் பாம்பின் உணவே அல்ல. பால் குடித்து வளர்பவை பாலூட்டிகளின் குட்டிகள். பாம்பு ஊர்வன இனம். பாலைச் செரிக்கும் வயிறு அதற்கு இல்லை.

“பாம்பாட்டியின் கூடையிலிருந்த நல்லபாம்பு பால் குடித்ததை நானே பார்த்தேன்” என்பவர்கள் உண்டு. அவர்கள் பார்த்தது பொய்யல்ல. பல நாள் தண்ணீர் காட்டாமல் அடைத்து வைத்த பாம்பு, கிண்ணத்தில் எது இருந்தாலும் தாகத்தில் குடிக்கும். அந்தப் பால் செரிக்காமல் போகலாம், நுரையீரலுக்குள்ளும் இறங்கலாம். இரண்டும் அதன் உயிருக்கே ஆபத்து. நாகபஞ்சமியை ஒட்டி வாய் தைக்கப்பட்ட நிலையில் நாகங்கள் மீட்கப்படுவதும் நடக்கிறது. கையில் கிண்ணத்தோடு போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். முட்டை விஷயம் பாதி உண்மை: நல்லபாம்பு முட்டையை முழுதாக விழுங்கும். ஆனால் புற்றின் துளைகளைப் பாலாலும் மஞ்சளாலும் அடைத்துவிட்டால், உள்ளே ஏதாவது இருந்தால் அதற்கு வெளியேற வழி இராது.

அடுத்த தவறு, எல்லாப் பாம்புக்கும் எலிதான் இரை என்று நினைப்பது. குளியலறை ஓரத்தில் கறுத்த நூல்போல நெளியும் புழுப்பாம்பை “விரியன் குட்டி” என்று செருப்பால் அடிக்கிறோம். எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டையும் புழுவும்தான் அதன் சாப்பாடு. மனிதரைக் கடித்து நஞ்சேற்ற அதனால் முடியவே முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகள் மண்புழுவைத் தின்று வாழ்கின்றன. சுருட்டைவிரியன் தேளையும் பூரானையும் விடாது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், தேள் தின்னும் சுருட்டைவிரியன் இனங்களின் நஞ்சு தேள்களைக் கொல்வதில் கூடுதல் வீரியம் கொண்டிருப்பது தெரியவந்தது. சிங்கப்பூரின் அலையாத்திக் காட்டுச் சேற்றில் ஒரு நீர்ப்பாம்பு, ஓடு கழற்றி உடல் மெத்தென்றிருக்கும் நண்டைத் தேடிப் பிடிக்கிறது. தன் உடலையே வளையமாகச் சுற்றி, அதற்குள் நண்டை இழுத்துக் கிழித்துத் துண்டு துண்டாகத் தின்கிறது. பாம்பு இரையைப் பிய்த்துத் தின்னாது என்று பள்ளியில் படித்திருந்த எனக்கு, 2002-இல் வெளிவந்த இந்தச் செய்தியைப் பின்னாளில் படித்தபோது நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

ராஜநாகம் பாம்பையே தின்னும் என்பது பலருக்கும் தெரியும். கட்டுவிரியனும் அப்படித்தான் என்பது பலருக்குத் தெரியாது. உயிரைப் பறிக்கக்கூடிய அறியாமை இது. “எங்கள் வீட்டில் எலி இல்லை, பாம்பு ஏன் வரப்போகிறது?” என்று யாரும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கட்டுவிரியன் எலியோடு பல்லி, ஓணான், சிறு பாம்புகளையும் தின்னும். இரவில் வேட்டைக்குக் கிளம்பித் தரையில் படுத்திருப்பவரின் பாய் வரை வந்துவிடும். கட்டிலில் படுங்கள்; முடியாவிட்டால் கொசுவலையின் ஓரங்களைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிவிட்டுத் தூங்குங்கள்.

ஒரு மழைநாளில் எங்கள் தெரு வாய்க்காலில் சாரைப்பாம்பு ஒன்று தேரையின் பின்னங்காலைக் கவ்வியிருந்தது. தேரை வயிற்றை உப்பவைத்துக்கொண்டு கத்தியது. பாம்பின் கீழ்த்தாடை இடமும் வலமுமாக மாறி மாறி முன்னேற, விரலளவு விரலளவாகத் தேரை உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதற்குள் ஒருவர் பாவம் பார்த்துக் குச்சியால் குத்தினார். பாம்பு வாயை அகலத் திறந்து, எச்சில் வடிய இரையை வெளியே தள்ளிவிட்டு ஓடியது. தேரையும் பிழைக்கவில்லை. இப்படிச் செய்யாதீர்கள். இரை உள்ளே போனதும் பாம்பின் உடலே மாறுகிறது. பர்மிய மலைப்பாம்பு பெரிய இரை தின்ற இரண்டு நாளில் அதன் இதயத் தசை 40 விழுக்காடு வளர்வதாக 2005-இல் கண்டறிந்தார்கள். அத்தனை ஏற்பாட்டுக்கும் நடுவே மிரண்டு கக்க நேர்ந்தால், இரையும் போய், உடலில் இருந்த தெம்பும் போய்விடும். வயிறு புடைத்துக் கிடக்கும் பாம்பைப் படமெடுக்கச் சுற்றி நிற்பதும் இதே கொடுமைதான்.

பாம்பு மோப்பத்தை நம்பி விழுங்கும் பிராணி. அதனால் உணவு அல்லாததும் உள்ளே போய்விடுகிறது. 2024-இல் புவனேஸ்வரத்தில் ஒரு நல்லபாம்பு இருமல் மருந்துப் புட்டியை விழுங்கிவிட்டுக் கக்க முடியாமல் திணறியது. மீட்பவர்கள் கீழ்த்தாடையை மெல்ல விரித்துப் புட்டியின் விளிம்பை விடுவித்தார்கள். அது பயிற்சி உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. நாம் பிடித்து இழுத்தால், உள்நோக்கி வளைந்த பற்களில் சிக்கி வாய் கிழியும். நமக்குக் கடியும் கிடைக்கும். வனத்துறையை அழைப்பதும், புட்டியைக் குப்பைமேட்டில் வீசாமலிருப்பதும் நம் வேலை.

நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாடுகளில் சட்டப்படி வளர்க்கும் நம்மவர்களுக்குச் சில வார்த்தைகள். உயிருள்ள எலியைக் கூண்டுக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பசிக்காத பாம்பின் முதுகை எலி கடித்துக் குதறிவிடும். வயலில் பிடித்த எலியும் வேண்டாம், அதன் வயிற்றில் எலி மருந்து இருக்கலாம். உறையவைத்த எலியை உள்வரை முழுவதும் இளகிய பிறகே கொடுங்கள். பாம்பின் உடல் மிகப் பருத்திருக்கும் இடத்தைவிடப் பெரிய இரை கூடாது. தின்ற பிறகு இரண்டு நாளாவது அதைத் தூக்காதீர்கள். கூண்டுக்குள் துணி எதையும் போட்டு வைக்காதீர்கள். 2020-இல் சிட்னியில் 18 வயதான 3 மீட்டர் வளர்ப்பு மலைப்பாம்பு ஒன்று கடற்கரைத் துண்டு ஒன்றை முழுதாக விழுங்கிவிட்டது. கால்நடை மருத்துவர்கள் மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியே கேமராக் குழாயை இறக்கி, இடுக்கியால் பிடித்து அந்த நீளத் துண்டை வெளியே இழுத்தார்கள். பாம்பு பிழைத்துக்கொண்டது.