அடி வாங்குற வீட்டுல இருக்குற அக்காவுக்கு துணையா நிக்கிறது எப்படி?

மொதல்ல ஒண்ணு, அடி வாங்கி மனசு ஒடஞ்சு போயிருந்தாலும் அவங்க வாயில டிப்ரஷன்ங்கிற வார்த்தையே வராது. தலைவலி, படபடப்பு, கேஸ் ட்ரபிள், தூக்கமே இல்லடி, இப்படித்தான் வரும். எங்க அக்கா, பெரியம்மா பொண்ணு, ரெண்டு வருஷம் ஸ்கேன், எண்டோஸ்கோப்பினு அலைஞ்சா, எல்லாமே நார்மல். ஒரு நாள் அவ வீட்ல ரெண்டு பேரும் சின்ன வெங்காயம் உரிச்சிட்டு இருக்கோம், தெருமுனைல பைக் சத்தம் கேட்டுச்சு, அவ்ளோதான், கை அப்படியே நின்னுடுச்சு, டிவிய கொறச்சா, பையன உள்ள போன்னு கண்ணாலயே சொன்னா. யாரோ வேற ஆளு வண்டி அது. ஆனா அவளுக்கு கை நடுக்கம் நிக்க ரொம்ப நேரமாச்சு.

அப்போ என்ன பண்ணணும்? தனியா இருக்கும்போது கேளுங்க, ரேஷன் கடைக்கு நடக்குறப்போ மாதிரி. போன்ல வேணாம், ஸ்பீக்கர்ல போட்டு யாராச்சும் கேட்டுட்டு இருக்கலாம். சொன்னா நம்புங்க. நீ என்ன பண்ண, அவரு ஏன் அடிச்சாருன்னு மட்டும் கேட்டுடாதீங்க, அதைத்தான் அவங்களே ராத்திரி பூரா கேட்டுட்டு இருக்காங்க. கொழந்தைக்காக அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு சொல்ற பெரியவங்கள பக்கத்துலயே விடாதீங்க (எங்க வீட்ல நாலு பேர் இருந்தாங்க).

செத்துடலாம்னு தோணுதான்னு நேராவே கேக்கலாம், கேட்டா அந்த நெனப்பு புதுசா வந்துடாது. ஆமான்னா தனியா விடாதீங்க. 14416 டெலி மானஸ், அரசோட மனநல ஹெல்ப்லைன், ப்ரீ, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். அடி, மிரட்டல்னா 181, பெண்கள் ஹெல்ப்லைன். பேசுனதும் கால் லாக்க அழிக்கச் சொல்லுங்க.

ஆஸ்பத்திரில பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்ல வேணாம், நடந்தத சொல்லி எழுத வைங்க, சீட்டு உங்ககிட்ட இருக்கட்டும். ஆதார், பாஸ்புக், பசங்க பர்த் சர்டிபிகேட் போட்டோவும்தான். 2005 குடும்ப வன்முறை சட்டத்துல கேவலமா பேசுறது, செலவுக்கு காசு தராம வைக்கிறது கூட வன்முறைதான், வீடு அவங்க பேர்ல இல்லைன்னாலும் அங்க இருக்க உரிமை உண்டு, டிவோர்ஸ் கேக்கணும்னு அவசியமே இல்ல. மாவட்ட சமூக நல அலுவலகத்துல பாதுகாப்பு அலுவலர் இருப்பாங்க, கூடப் போங்க. ஆனா கெளம்புற நேரம்தான் ரொம்ப ஆபத்து, அதனால கெளம்புறேன்னு அந்தாளு கிட்ட முன்னாடியே சொல்ல வேண்டாம், எப்போங்கிறதும் அவங்க முடிவாவே இருக்கட்டும்.

ஒரு கோட் வேர்டும் பேசி வச்சுக்கோங்க. எங்களுக்கு ஊறுகாய் தீந்துடுச்சுன்னு மெசேஜ் வந்தா, உடனே வான்னு அர்த்தம்.

திரும்பிப் போவாங்க, அதுக்கும் ரெடியா இருங்க. எங்க அக்கா மூணாவது தடவை போனப்போ நான் கத்திட்டேன், என் தப்புதான், அதுக்கப்புறம் போனே எடுக்கல. வாரா வாரம் சாப்டியான்னு மட்டும் அனுப்பிட்டே இருந்தேன், நாலு மாசம் கழிச்சு ஒரு மத்தியானம் பதில் வந்துச்சு, ஊறுகாய் தீந்துடுச்சுன்னு.